பாசிமணி கோர்க்கிற ஆம்பளையும் அரிக்கமேடும்

"ரிட்டையர் ஆகி, உடம்பும் தேறிடுச்சு, இப்ப என்ன சார் பண்றீங்க?" என்று கேட்கிறவர்களிடம் "மணி கோர்க்கிறேன்" என்று சொன்னால் முதலில் புரியாது. பூஜை மணியா, ஜபமாலையா என்று ரெண்டு மூணு பக்கம் போய்ப் பார்ப்பார்கள். கடைசியில் கழுத்துல போடுற பாசிமணி என்று புரிந்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அதை வைத்து தனியாக ஒரு பதிவே போடலாம் :-) இன்னிக்கு அது வேண்டாம். இது மணியோட சரித்திரம். கொஞ்சம் நீளம்தான், காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

சரித்திரத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி, இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சுருக்கமாச் சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு நிணநீர்ப் புற்றுநோய். ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். அதில் ஒன்றின் பேர் வின்கிறிஸ்டின். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கிற மருந்து. ஆமாம், நம்ம வீட்டு வேலியோரத்தில் தண்ணிகூட ஊத்தாமல் தானாகவே பூத்துக் கிடக்குமே, சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டுக்குள் வைக்க மாட்டார்களே, அதேதான். 1960-களில் புழக்கத்துக்கு வந்த மருந்து. என் நோயை விரட்டினதில் அதற்குப் பங்கு உண்டு. போகிறபோது என் பத்து விரல் நுனியிலிருந்த உணர்ச்சியையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. சட்டைப் பொத்தான் போட வராது. பைக்குள் கையைவிட்டால் ரெண்டு ரூபாய்க் காசு எது, அஞ்சு ரூபாய்க் காசு எது என்று தெரியாது. விரல் இருக்கும், ஆனால் யாரோ உறை மாட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

கைக்குப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயசு இருக்கும். ஒரு தட்டு நிறைய அரிசியைக் கொட்டி, உள்ளே ஒரு பிடி கண்ணாடி மணியைக் கலந்துவிட்டு, "அங்கிள், கண்ணை மூடிக்கிட்டு மணியை மட்டும் பொறுக்குங்க" என்றாள். முதல் நாள் அரை மணி நேரத்தில் மூணு மணி. ஒரு மாசத்தில் முப்பது, நாப்பது என்று வந்தது. பொறுக்கின மணியை என்ன செய்வது? கோர்த்தேன். கோர்த்ததைப் பார்த்து மருமகள் "மாமா, இதை நான் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டது. வீட்டுக்காரம்மா மட்டும், "ஏங்க, யாராவது வந்தா அந்தத் தட்டைக் கொஞ்சம் உள்ள எடுத்து வைங்களேன்" என்றாங்க. இப்படித்தான் ஆரம்பம். பிறகு நைலான் நூல், கொக்கி, நோஸ் பிளேயர், கம்பி என்று சாமான் சேர்ந்து, ஒரு பழைய மேசை எனக்கென்று ஒதுங்கிவிட்டது.

சும்மா கோர்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ரெண்டு கேள்வி வந்தது. கையால் வேலை செய்தால் உடம்பு தேறும் என்று முதலில் யார் சொன்னது? இந்த மணியை இவ்வளவு சின்னதாக, இவ்வளவு நேரான ஓட்டையோடு செய்கிறது யார்? முதல் கேள்வி என்னை அமெரிக்கா வரைக்கும் கொண்டுபோய் வேலூரில் இறக்கிவிட்டது. ரெண்டாவது கேள்வி எங்கேயும் கொண்டுபோகவில்லை. பஸ் ஏறினால் அரிக்கமேடு.

முதல் கேள்வி முதலில். நூறு நூற்றைம்பது வருஷம் முன்னால் அமெரிக்காவில் நரம்புத் தளர்ச்சி, மனச் சோர்வு என்று யாராவது போனால், பெரிய டாக்டர்கள் எழுதிக் கொடுத்த வைத்தியம் 'படுத்துக்கிட'. சைலஸ் வெயர் மிட்செல் என்கிற டாக்டர் இந்தப் படுக்கை வைத்தியத்துக்குப் பேர்போனவர். எழுந்திருக்கக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, நல்லா சாப்பிடணும். ஆறு மாசம் படுத்துக் கிடந்த நான் சொல்கிறேன், நல்லா இருக்கிறவனுக்கே இதில் கிறுக்குப் பிடிக்கும்.

இதற்கு நேர் எதிராகக் கிளம்பினவர் ஹெர்பர்ட் ஹால். 1904-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்பிள்ஹெட் என்கிற கடலோர ஊரில் நோயாளிகளுக்காகப் பட்டறை வைத்தார். தறி, மண்பாண்டம், மரச் செதுக்கு. படுக்காதே, உட்கார்ந்து ஏதாவது செய் என்பதுதான் மருந்து. 1906-இல் இதை ஆராய ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1,000 டாலர் கொடுத்தது. அப்புறம் நடந்ததுதான் எனக்குச் சுவாரசியம். மண்பாண்டப் பட்டறையை நடத்த ஆர்தர் பாக்ஸ் என்று ஒரு இளைஞர் வந்தார். அவர் செய்த பானைகள் ரொம்ப நன்றாக இருந்தன, விற்கவும் செய்தன. ஆனால் அந்த வேலை நோயாளிகளால் முடிகிற வேலையாக இல்லை. கொஞ்ச வருஷத்திலேயே பட்டறையை வைத்தியத்திலிருந்து பிரித்துத் தனி வியாபாரமாக்க வேண்டி வந்தது. 1915-இல் பாக்ஸே அதற்கு முதலாளி. நோயாளிக்காக ஆரம்பித்த பட்டறையில் கடைசியில் நோயாளி இல்லை! பானை முக்கியமா, பானை செய்கிறவன் முக்கியமா என்கிற இந்த இழுபறியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொருத்தர் ஜார்ஜ் பார்ட்டன். கட்டடக் கலைஞர். காசநோய், காலில் ஒரு பகுதியை எடுத்தாச்சு, பிறகு இடது பக்கம் வாதம். ஒரு மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன வரணும்? அவர் தன் கையையே சோதனைச்சாலையாக வைத்துக்கொண்டு, தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து தன்னைத் தேற்றிக்கொண்டார். 1914-இல் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் 'ஆறுதல் இல்லம்' என்று பேர் வைத்து ஒரு வீட்டைத் திறந்தார். 1917 மார்ச்சில் அந்த வீட்டில் கூடின நாலைந்து பேர் ஆரம்பித்த சங்கம்தான் பிற்பாடு 'ஆக்குபேஷனல் தெரபி' என்கிற படிப்பாகவே வளர்ந்தது. முதல் உலகப் போரில் கை கால் போய்த் திரும்பி வந்த சிப்பாய்கள் அதற்கு வேண்டிய வேலையைக் கொடுத்தார்கள். என் முன்னால் அரிசித் தட்டை வைத்த பெண் படித்தது இந்தப் படிப்பைத்தான்.

இந்தியாவுக்கு இது வந்தது 1950-இல், பம்பாயில். கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இங்கே கல்யாணம் செய்துகொண்டு, இந்தியப் பேரோடு வாழ்ந்தவர்.

ஆனால் நம்ம பக்கத்துக் கதைதான் என்னை உலுக்கியது. வேலூர். பால் பிராண்ட் என்கிற டாக்டர் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த வெள்ளைக்காரர். லண்டனில் படித்துவிட்டு 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயில் விரல் மடங்கிப்போன கைகளுக்கு, வேறு இடத்துத் தசைநாரை எடுத்து மாற்றி வைத்து, விரல் நிமிர வைத்தார். அதைவிடப் பெரிய விஷயம் அவர் கண்டுபிடித்துச் சொன்னது. தொழுநோயில் விரல் அழுகி விழுகிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம். விரல் தானாக அழுகவில்லை, வலி தெரியாததால்தான் போகிறது என்றார் அவர். சூடான பாத்திரத்தைப் பிடித்தால் தெரியாது. சாவியை அழுத்தித் திருகினால் தோல் கிழிவது தெரியாது. புண்ணோடேயே வேலை செய்வார்கள்.

கை சரியானவர்களும் ஊருக்குத் திரும்பினால் வேலை கிடைக்கவில்லை. அதனால் 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் போட்டு, தச்சு வேலையும் மரப் பொம்மை செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். உணர்ச்சி இல்லாத கையில் உளியும் ரம்பமும்! கருவிகளின் பிடியை மாற்றினார்கள். தினமும் வேலை முடிந்ததும் கையைக் கண்ணால் பார், எங்கே சிவந்திருக்கிறது, எங்கே கொப்புளம் என்று தேடு என்று பழக்கினார்கள். விரல் சொல்லாததைக் கண் சொல்லணும்.

எனக்கும் இதே பாடம்தான். மணிக்கம்பியின் நுனி குத்தி ரத்தம் வந்தால் சில நாள் நூலில் சிவப்பைப் பார்த்துதான் தெரிந்துகொள்வேன். இரவு கை கழுவும்போது விளக்குக்குக் கீழே பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இப்போது வழக்கம்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் கதையும் உண்டு. 1954-இல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு போய், இடுப்புக்குக் கீழே செயல் இல்லை. நின்றுகொண்டு செய்கிற அறுவை முடியாது. உட்கார்ந்துகொண்டு செய்கிற அறுவை எது? கை அறுவை. பிராண்டிடம் அதைக் கற்றுக்கொண்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சரி செய்தார். நோய்க்குப் பிறகு புதுத்தொழில் கற்றவர்கள் என்று பட்டியல் போட்டால் பிரான்சின் ஓவியர் மத்தீஸைச் சொல்வார்கள். 1941-இல் வயிற்றுப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு அவர் தூரிகையைக் குறைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தார், கலர் காகிதம் வெட்டினார். நல்லது, சொல்லட்டும். என் பட்டியலில் முதல் பேர் மேரி வர்கீஸ்.

சரி, இப்ப ரெண்டாவது கேள்வி. அரிக்கமேடு.

பாண்டிக்காரர்களுக்கு அரிக்கமேடு என்றால் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா. அரியாங்குப்பம் தாண்டி, காக்காயந்தோப்பு, மாந்தோப்பு, ஆற்றங்கரை, இடிந்த செங்கல் தூண்கள், அவ்வளவுதான். (அந்தத் தூண்கள் ரோமானியர் கட்டினது இல்லை. 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரிமார்களின் குருமடம். அதன் முன்னால் நின்று 'ரோமாபுரியில் நான்' என்று போட்டோ போடுகிறவர்கள் கவனிக்க.) பார்க்க ஒன்றுமில்லை என்று திரும்பி வருவார்கள். பார்க்க வேண்டியதெல்லாம் கடுகு சைஸில் காலடியில் கிடந்தது.

இந்த இடத்தைப் பற்றி எழுதிவைத்த பழைய ஐரோப்பியர் லெ ஜான்தி என்கிற வானியலாளர். வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடக்கிறதைப் பார்க்கத்தான் கிளம்பி வந்தார். 1761-இல் நடுக்கடலில் கப்பலில் மாட்டிக்கொண்டார். அடுத்த முறைக்காக எட்டு வருஷம் இந்தப் பக்கமே சுற்றிக் காத்திருந்து, 1769 ஜூனில் புதுச்சேரியில் எல்லாம் தயாராக நின்றால் சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது! ஊர் திரும்பினால் அவர் செத்துவிட்டார் என்று முடிவுகட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பாவப்பட்ட மனுஷன் நம்ம வீராம்பட்டினத்துப் பக்கம் பழைய பெரிய செங்கற்களும் உறைகிணறுகளும் இருப்பதைக் குறித்து வைத்தார். அப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1930-களில் ழுவோ துப்ராய் என்கிற பிரெஞ்சுப் பேராசிரியர் இங்கே இருந்தார். பல்லவர் வரலாறு எழுதினவர். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். கூடவே ஒரு தலை செதுக்கின சின்ன மணிக்கல் கிடைத்தது. அது ரோமானிய அரசன் அகஸ்டஸ் என்றார். போதாதா? உலகம் திரும்பிப் பார்த்தது. 1940-களின் தொடக்கத்தில் பாதிரியார் ஃபோஷோவும் சுர்லோவும் தோண்டினார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர் வந்து முறையாகத் தோண்டினார். இத்தாலியில் செய்த அரட்டைன் பாண்டமும், ஒயின் வந்த ஆம்போரா ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. தென்னிந்தியத் தொல்லியலுக்குத் தேதி குறிக்க அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் வீலர் எழுதின விதம் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. இங்கே சாதாரண மீன்பிடி ஜனங்கள் இருந்தார்கள், ரோமானியர் வந்தபிறகுதான் ஊர் ஊராச்சு என்கிற தொனி. பிறகு கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தோண்டினது. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, அது நின்ற பிறகும் ஊர் இருந்தது என்று படம் மாறியது.

பெக்லி குழுவில் மணிகளைப் பார்த்தவர் பீட்டர் ஃபிரான்சிஸ். அமெரிக்கர். வாழ்க்கை முழுக்க மணி, மணி, மணிதான். அதற்கென்றே ஒரு ஆய்வு மையம் வைத்திருந்தார். 2002-இல் ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் இறந்தார், அங்கேயும் மணி தேடித்தான் போயிருந்தார். அரிக்கமேட்டில் அவர் அழகான மணிகளைவிட அரைகுறை மணிகளைத்தான் கொண்டாடினார். உடைந்தது, ஓட்டை பாதியில் நின்றது, உருண்டை ஆகாமல் விட்டது, ரெண்டு மணி ஒட்டிக்கொண்டது, உருகிப்போன கண்ணாடிக் கட்டி. ஏன் தெரியுமா? நல்ல மணி விற்று ஊரைவிட்டுப் போய்விடும். எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். கழித்துப் போட்டது பட்டறை இருந்த இடத்தில்தான் கிடக்கும். ரோமாபுரி ஜாடியைப் பார்த்து 'வாங்கின ஊர்' என்று எழுதிவைத்த இடத்தை 'செய்த ஊர்' என்று மாற்றி எழுதவைத்தது இந்தக் குப்பைதான்.

கண்ணாடி மணியை எப்படிச் செய்தார்கள்? இதற்கு ஃபிரான்சிஸ் பதில் தேடிப் போனது ஆந்திராவில் காளஹஸ்தி பக்கம் இருக்கிற பாப்பாநாயுடுபேட்டைக்கு. அங்கே 20-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் பழைய முறையில் மணி செய்துகொண்டிருந்தார்கள். நீளமான இரும்புக் குழாய், அதன் பேர் லடா. அதன் நுனியில் உருகின கண்ணாடியைக் கூம்பு மாதிரி திரட்டுவார்கள். குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டுக் கூம்பைத் துளைப்பார்கள். அதை உலைக்குள் வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள் நுனியைக் கொக்கியால் பிடித்து இழுக்க ஆரம்பிப்பார். கண்ணாடி நூல் மாதிரி வந்துகொண்டே இருக்கும், உள்ளே ஓட்டையோடு! மணிக்கணக்கில் இழுப்பு. பிறகு அந்த மெல்லிய குழலை ஒடித்து, பொடிப்பொடியாக நறுக்கி, ஓட்டை அடைபடாமல் இருக்கச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடு காட்டினால் கூர்முனையெல்லாம் மழுங்கி உருண்டையாகும். ஓட்டை போடவே இல்லை பாருங்க, ஓட்டையோடேயே இழுத்துவிட்டார்கள். சோழி உருட்டுகிற மாதிரி ஒரு நாளில் எத்தனை ஆயிரம்!

செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு. சிவப்புக்குச் செம்பு, ஆனால் காற்று குறைவான உலையில். கொஞ்சம் காற்று கூடினால் சிவப்பு வராது, பச்சையோ நீலமோ ஆகிவிடும். இந்தச் சின்ன மணிக்கு ஃபிரான்சிஸ் வைத்த பேர் 'இந்தோ-பசிபிக் மணி'. இலங்கையில் மாந்தை, தாய்லாந்தில் க்ளோங் தோம், வியட்நாமில் ஒக் ஏயோ, அந்தப் பக்கம் கொரியா, ஜப்பான், இந்தப் பக்கம் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கா என்று எல்லா இடத்திலும் இந்த வகை மணி கிடைக்கிறது. இந்தோனேசியாவின் திமோர் பக்கத்தில் பழைய சிவப்பு மணிக்கு முட்டிசாலா என்று பேர், கல்யாணச் சீராகக் கொடுக்கிற அளவுக்கு மதிப்பு. எல்லாமே அரிக்கமேட்டில் செய்ததில்லை. பிற்பாடு வந்த வேதியியல் ஆய்வுகள் பல ஊர்க் கண்ணாடியைப் பிரித்துக் காட்டிவிட்டன. இங்கேயிருந்தே தொழிலாளிகள் பெயர்ந்து போய் மற்ற ஊர்களில் உலை வைத்தார்கள் என்பது ஃபிரான்சிஸின் கருத்து, அதில் விவாதம் நடக்கிறது. நான் யார் பக்கம் என்றெல்லாம் கேட்காதீங்க, நான் வெறும் கோர்க்கிற ஆள் :-)

கண்ணாடி போதும், கல்லுக்கு வருகிறேன். அரிக்கமேட்டில் கல் மணியும் ஏராளம். அகேட், சூதுபவளம் என்கிற கார்னீலியன், செவ்வந்திக் கல், படிகம், ஜாஸ்பர், கார்னெட். கல்லுக்கு ஓட்டை போட்டுத்தான் ஆகணும். கல்லைவிடக் கடினமான முனை வேண்டும். அது வைரம் என்று நிரூபித்தவர்கள் யார் தெரியுமோ? பல் டாக்டர்கள்! லியனார்ட் கோரெலிக், ஜான் க்வின்னெட் என்று ரெண்டு பேர். பல்லுக்கு அச்சு எடுக்கிற சிலிக்கோனை மணியின் ஓட்டைக்குள் விட்டு, உறைந்ததும் உருவி எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஓட்டையின் உட்சுவரைப் படித்தார்கள். இந்தியா, இலங்கைப் பக்கத்துப் பழைய மணிகளில் வைர முனை விட்டுப்போன சீரான வரிகள். 1988-இல் கட்டுரை போட்டார்கள். ஓட்டையைப் பார்த்தால் துளையிட்ட கருவி தெரியும் என்று அவர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை, பிழைப்பே அதுதானே.

இந்தத் துளை வேலை இன்றைக்கும் குஜராத்தில் காம்பே என்கிற கம்பாத்தில் நடக்கிறது. நர்மதைப் பக்கத்து ரத்தன்பூர் சுரங்கத்திலிருந்து வருகிற கல்லை முதலில் வெயிலில் காயவைத்து, பானையில் எருமுட்டைச் சூட்டில் மெதுவாக வேகவிடுவார்கள். மங்கல் நிறம் ரத்தச் சிவப்பாகும். தரையில் நட்ட இரும்பு முளையில் கல்லைச் சாய்த்து, எருமைக் கொம்புச் சுத்தியலால் தட்டிச் சில்லு சில்லாகச் செதுக்கி உருவம் கொண்டுவருவார்கள். அப்புறம் சாணை. அப்புறம் வில்லால் சுற்றுகிற துளைக்கோல், நுனியில் ரெண்டு வைரப் பொடிச் சில்லு, மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஒரு பக்கம் பாதி, திருப்பி வைத்து மறுபக்கம் பாதி. அரிக்கமேட்டு அரைகுறை மணிகளைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்கள் கம்பாத்துக்குத்தான் போனார்கள்.

அங்கே போனவர்கள் எழுதினதைப் படிக்கப் படிக்கத்தான் எனக்கு வேறு ஒன்று தட்டுப்பட்டது. அகேட், சூதுபவளம், செவ்வந்தி, படிகம், ஜாஸ்பர், எல்லாமே சிலிக்கா. பேரும் நிறமும்தான் வேற. சாணை பிடிக்கும்போது பறக்கிற தூசி கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது, நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய் உட்கார்ந்துவிடும். அந்த இடம் தழும்பாகும். மூச்சு சுருங்கும். சிலிக்கோசிஸ் என்று பேர். தழும்பைத் திருப்பி எடுக்க வைத்தியம் கிடையாது. காசநோயும் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும். அகமதாபாத்தில் இருக்கிற தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் கம்பாத்தில் பல வருஷம் ஆய்வு செய்திருக்கிறது. வேலை வீட்டிலேயே நடப்பதால் சாணை பிடிக்காத வீட்டு ஆட்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும்கூட இந்த நோய் வந்திருப்பதைக் கண்டது. வீட்டுக்குள் நடக்கிற வேலை என்பதால் தொழிற்சாலைச் சட்டமும் எட்டிப் பார்க்காது. தூசியை உறிஞ்சுகிற கருவியை வடிவமைத்துக் கொடுத்தார்கள். அதை வாங்க, ஓட்ட, கரண்ட் பில் கட்ட, மணி ஒன்றுக்குக் கிடைக்கிற கூலி போதுமா என்பது தனிக் கணக்கு.

கண்ணாடிக்காரர்கள் மட்டும் தப்பினார்களா? வருஷக்கணக்கில் உலைத் தழலைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் புரை விழும். அதற்குக் 'கண்ணாடி ஊதுகிறவர் புரை' என்றே மருத்துவத்தில் பேர் உண்டு. 1700-இல் இத்தாலியில் ரமாத்ஸினி என்கிற டாக்டர் தொழிலாளிகளின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். கல் தச்சர், கண்ணாடி வேலைக்காரர் எல்லாரும் அதில் வருகிறார்கள். நோயாளியிடம் 'என்ன தொழில்?' என்று கேட்கச் சொன்னவர் அவர்தான்.

இங்கேதான் எனக்கு மார்பிள்ஹெட் பட்டறை ஞாபகம் வருகிறது. என்னைத் தேற்றுவதற்காகக் கையில் கொடுத்தது மணி. அதே மணி அதைச் செய்கிற ஆளை நோயாளியாக்குகிறது. எனக்குக் கிடைத்தது வேலையின் கடைசிப் பத்து நிமிஷம்தான். சுத்தமான, தூசி இல்லாத, உட்கார்ந்து செய்கிற, இஷ்டமில்லைன்னா எழுந்து போகிற பகுதி. எத்தனை கோர்த்தேன் என்று யாரும் எண்ணுவதில்லை. செதுக்கு, சுடு, தேய், துளை எல்லாம் வேறொருத்தர் மூச்சில் நடந்து முடிந்திருக்கிறது. கைவேலை மருந்து என்று சொன்ன ஹாலும் பார்ட்டனும் பொய் சொல்லவில்லை, என் விரலே சாட்சி. ஆனால் அளவும் கட்டாயமும் இல்லாத வேலைக்குத்தான் அந்தக் குணம் உண்டு போலிருக்கிறது. பிராண்டின் தச்சுப் பட்டறையில் முதலில் பார்த்தது கையை, அப்புறம்தான் பொம்மையை. கம்பாத்தில் கூலி மணிக்கு, கைக்கு இல்லை.

அரிக்கமேட்டில் எப்படி இருந்திருக்கும்? மின்சாரச் சாணை அப்போது இல்லை. கையால், தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தூசி குறைவுதான். அதற்காக ஆபத்தே இல்லை என்று ஆகாது, செதுக்கும்போது பறக்கிற பொடி எங்கே போகும்? ஓட்டையின் உட்சுவரைப் படிக்க நுண்ணோக்கி இருக்கிறது. நுரையீரலோ மண்ணில் நிற்காது. பாதியில் நின்ற துளையைப் பார்த்தால், கல் விரிசல் விட்டதால் கைவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அதுவேதான் காரணமாகவும் இருக்கும். இருந்தாலும் நம்ம ஊர் அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு, கல் விரிசல் விடாமல் ஆள் எழுந்து போன மணி எத்தனை என்றுதான் ஓடுகிறது.

போன மாசம் கடையில் ஒரு சரம் சூதுபவளம் வாங்கினேன். "எந்த ஊருப்பா?" என்று கேட்டதற்கு, "காம்பே சரக்கு சார், அசல் கல்லு" என்றான் பையன். விலை பேசுவது என் பரம்பரை வழக்கம், அன்றைக்கு மட்டும் பேசவில்லை. அது கம்பாத்துக்குப் போய்ச் சேராது என்று தெரியும்தான். வீட்டில் அதை மறுபடி கோர்க்கும்போது சில மணிகளில் ஊசி பாதியில் நிற்கும். ரெண்டு பக்கத்திலிருந்து போட்ட துளை நடுவில் சந்திக்கிற இடம், மயிரிழை விலகியிருக்கும். விரலுக்குத் தெரியாது. ஊசி நின்றதைக் கண்ணால் பார்த்து, கொஞ்சம் பின்னால் இழுத்து, மணியைக் கால் சுற்றுத் திருப்பினால் அந்தப் பக்கம் வந்துவிடும்.

பாப்பாநாயுடுபேட்டைக்குச் சமீபத்தில் போய்வந்த நண்பர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க. ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்தி போகிற வழியில்தான். லடா உலை எத்தனை எரிகிறது என்று பார்க்கணும். டாக்டர் இன்னும் மூணு மாசம் கழித்து வெளியூர் போகலாம் என்றிருக்கிறார்.